லினக்ஸ் கேள்வி பதில்: எர்ரரை அணைக்காதீங்க, படிங்க

கேள்வி: சார், வர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற சாஃப்ட்வேர்) காளி லினக்ஸ் (செக்யூரிட்டி சோதனைக்கான லினக்ஸ்) போட்டு வெச்சிருந்தேன், செமஸ்டர் நெருக்கடில ஒரு வருஷத்துக்கு மேல திறக்கவே இல்ல. இப்ப ஆப்ட் அப்டேட் கொடுத்தா 'மிஸ்ஸிங் கீ'ன்னு நீளமா ஏதோ நம்பர் காட்டி நின்னுடுது. சோர்சஸ் லிஸ்ட்ல 'ட்ரஸ்டட்=எஸ்'னு சேர்த்தா சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொல்றான். சேர்க்கலாமா?
கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தயவுசெஞ்சு சேர்க்காதீங்க தம்பி. எர்ரர் மறைஞ்சிடும், உங்க ஃப்ரெண்டு சொன்னது அந்த அளவுல உண்மைதான், ஆனா அது எதனால மறையுதுன்னு பாருங்க. ஆப்ட்ங்கறது சாஃப்ட்வேர் பேக்கேஜ்களை இறக்கி இன்ஸ்டால் பண்ற கமாண்ட். அது ஒவ்வொரு தடவையும் சர்வர்லேர்ந்து பேக்கேஜ் பட்டியலை இறக்கும்போது, அதுல இருக்கற கையெழுத்து நம்மகிட்ட இருக்கற சாவியோட பொருந்துதான்னு பார்க்குது. 'ட்ரஸ்டட்'னு எழுதிட்டா யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கோன்னு அர்த்தம். ஹாஸ்டல் வைஃபைல நடுவுல ஒருத்தன் உக்காந்து பேக்கேஜை மாத்தி அனுப்பினாலும் அது ரூட் பவரோட உங்க மெஷின்ல இறங்கிடும்.

நடந்தது இதுதான். 2025 ஏப்ரல்ல காளி டீம், பழைய கையெழுத்துச் சாவி தங்க கைய விட்டுப் போச்சுன்னு அறிவிச்சாங்க. திருடு போகல, அவங்களாலயே அதைத் திரும்ப எடுக்க முடியல, அதனால புதுச் சாவி போட்டாங்க. அதுக்கு முன்னாடி இன்ஸ்டால் பண்ணின காளி எதுலயும் அந்தப் புதுச் சாவி இருக்காது, உங்களுது உட்பட. ஆர்கைவ் டாட் காளி டாட் ஆர்க்-ல ஆர்கைவ்-கீரிங்னு ஒரு ஃபைல் இருக்கு, அதை டபிள்யூகெட்ல இறக்கி, யூஎஸ்ஆர்-க்குள்ள ஷேர், அதுக்குள்ள கீரிங்ஸ் ஃபோல்டர், அங்க ஏற்கெனவே இருக்கற 'காளி-ஆர்கைவ்-கீரிங்' ஃபைல் மேலயே வெச்சிடுங்க, சூடோ (அட்மின் அனுமதி) வேணும். காளி சைட்ல அந்த ஃபைலோட செக்சம் (ஃபைல் மாறாம இருக்கான்னு பார்க்கற எண்) போட்டிருக்காங்க, உங்களுது அதோட ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு அப்புறம் அப்டேட் கொடுங்க.

இன்னொண்ணு, ரொம்ப நாள் சஸ்பெண்ட்ல கிடந்த விஎம்ல (வர்ச்சுவல் மெஷின்) கடிகாரம் பின்தங்கியே நிக்கும், அப்ப 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகல'ன்னு வேற ஒரு எர்ரர் வரும், தேதிய சரி பண்ணினா போயிடும். விஎம்ல முக்கியமா ஒண்ணும் வெக்கலைன்னா இதெல்லாமே வேண்டாம், புது இமேஜ் இறக்கிடுங்க, 2025.1சி-லேர்ந்து சாவி உள்ளயே வருது.

கேள்வி: டெய்லி வேலைக்கு உபுண்டுதான். மெட்டாஸ்ப்ளாய்ட், பர்ப் மாதிரி செக்யூரிட்டி சோதனை டூல்ஸ் மட்டும் வேணும்னு காளியோட ரெபோவ (பேக்கேஜ் கிடங்கு) சேர்த்து இன்ஸ்டால் பண்ணப் போனா 'லிப்சி6' மாத்தணும்னு கேக்குது. எஸ் கொடுக்கட்டுமா?
ஐடி ஊழியர், கோவை

பதில்: கொடுக்காதீங்க! நான் ஒரு காலத்துல எஸ் கொடுத்தவன், அன்னிக்கு ராத்திரி டெர்மினல்ல எல்எஸ்கூட ஓடல, மறுநாள் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஹோம் ஃபோல்டரை மட்டும் காப்பாத்தினேன். லிப்சி6-ங்கறது கிட்டத்தட்ட எல்லா ப்ரோக்ராமுக்கும் அஸ்திவாரம், அதை வேற டிஸ்ட்ரோவுதால (வேற லினக்ஸ் வகை) மாத்தினா மேல இருக்கற வீடு ஆடும். காளி, டெபியன் லினக்ஸோட டெஸ்டிங் பதிப்புலேர்ந்து தினமும் நகர்ந்துட்டே இருக்கறது, உபுண்டு வேற கணக்கு. அந்த ரெபோ வரிய எடுத்துடுங்க. ரெண்டுக்கும் அவங்கவங்களே இன்ஸ்டாலர் தர்றாங்க, இல்லன்னா காளிய டாக்கர்லயோ (ப்ரோக்ராமை தனிப் பெட்டில வெச்சு ஓட்டற வழி) விஎம்லயோ ஓட்டுங்க.

கேள்வி: ஒரு பைத்தான் ஸ்கேனரை பிப்ல (பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டாலர்) போட்டா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'னு திட்டுது.
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: டெபியன் 12-லேர்ந்து (2023) இப்படித்தான் வரும். சிஸ்டத்தோட பைத்தானை பிப் குழப்பிடக் கூடாதுன்னு வெச்ச தடுப்பு அது. அந்த மெசேஜோட கடைசில 'ப்ரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு ஒரு வழியும் காட்டும், பேர்லயே விஷயம் இருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்க. பிப்எக்ஸ் இன்ஸ்டால் பண்ணி அதுவழியா போடுங்க, தனி அறைல உக்காந்துக்கும்.

கேள்வி: காளில ஜிவிஎம்-செட்டப் (பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடற ஜிவிஎம் ஸ்கேனரை அமைக்கற கமாண்ட்) ஓட்டினா 'டிஃபால்ட் போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் சரியில்ல'ன்னு நிக்குது. ரெண்டு தடவ காளியையே திரும்பப் போட்டுட்டேன் சார்.
மாணவர், மதுரை

பதில்: அய்யோ, திரும்பப் போட வேண்டிய அவசியமே இல்ல. போஸ்ட்கிரெஸ்ங்கறது ஜிவிஎம் பயன்படுத்தற டேட்டாபேஸ். அப்கிரேட் ஆகும்போது பழைய போஸ்ட்கிரெஸ் 5432 போர்ட்டைப் பிடிச்சிட்டு நிக்கும், புதுசு 5433-க்குப் போயிடும், ஜிவிஎம் தேடறதோ புதுச. 'பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்'னு ஒரு கமாண்ட் கொடுங்க, ரெண்டு வரி வரும், வெர்ஷனும் போர்ட்டும் பக்கத்துல பக்கத்துல தெரியும். ரெண்டுலயும் டேட்டா எதுவும் இல்லன்னா போர்ட்டை மட்டும் மாத்திக்கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணினா போதும். மெட்டாஸ்ப்ளாய்ட் டேட்டாபேஸ் பழையதுல இருந்தா, காலியா இருக்கற புது கிளஸ்டரை (போஸ்ட்கிரெஸோட ஒரு டேட்டாபேஸ் தொகுப்பு) டிராப் பண்ணிட்டு, அதாவது அழிச்சிட்டு, 'பிஜி அப்கிரேட்கிளஸ்டர்' ஓட்டணும், டிராப் பண்றதுக்கு முன்னாடி வெர்ஷன் நம்பரை ரெண்டு தடவ பாருங்க, மாத்தி டிராப் பண்ணிட்டா போனது போனதுதான்.

செட்டப் முடியும்போது அட்மின் பாஸ்வேர்டை ஸ்கிரீன்ல ஒரே ஒரு தடவதான் காட்டும், உடனே எழுதி வெச்சுக்கோங்க. அப்புறம் ஃபீட் (ஸ்கேனர் பார்க்கற ஓட்டைகளோட தகவல்) இறங்க மணிக்கணக்கா ஆகும், அதுக்குள்ள ஸ்கேன் கொடுத்தா 'ஃபெயில்டு டு ஃபைண்ட் கான்ஃபிக்'னு வரும், அது இன்ஸ்டால் தப்பு இல்ல, இன்னும் இறங்கி முடியலன்னு அர்த்தம், பொறுத்திருங்க. விஎம்முக்கு 4 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க்காவது கொடுங்க, அதுக்குக் கீழ போனா நடுவுலயே நின்னுடும். முதல் ஸ்கேனை உங்க விஎம் மேலயே ஓட்டுங்க, காலேஜ் நெட்வொர்க்க எழுத்துல அனுமதி வாங்காம தொடாதீங்க.