ஒரே வேலைக்கு ஆணுக்குக் கூடுதல் ஷிஃப்ட் சம்பளம்

வணக்கம் சகோதரி. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, உங்களுக்குப் பிறகு வந்த பையனுக்கு ஷிஃப்ட்டுக்கு 80 ரூபாய் கூடுதல், கேட்டால் "அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும்" என்கிறார் சூப்பர்வைசர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில் சட்டப்படி செல்லாது. 1976 சம ஊதியச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் பார்ப்பது வேலையைத்தான், குடும்பத்தை அல்ல. சமப்படுத்துகிறேன் என்று அந்தப் பையனின் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. இதை அந்தப் பையனிடமே சொல்லிவிடுங்கள், அவர் உங்கள் எதிரி இல்லை.

கம்பெனி அடுத்து என்ன செய்யும் தெரியுமா? அவர் பெயருக்கு எதிரே "செக்கிங் இன்சார்ஜ்" என்று எழுதிவிடும். பதவிப் பெயர் மாறினால் போதாது. தேவைப்படும் திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு எல்லாம் ஒன்றா என்பதுதான் கேள்வி. அதனால் இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எந்த ஆர்டர், நீங்கள் எத்தனை பீஸ் பார்த்தீர்கள், அவர் எத்தனை பார்த்தார். சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ, பிஎஃப் விவரங்களையும் சேர்த்து வையுங்கள்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள், மறுநாளே "வேலை இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். கூட வேலை பார்க்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு முதலில் சங்கத்துக்குப் போங்கள். திருப்பூரில் பனியன் தொழிற்சங்கங்கள்தான் முதலாளிகள் சங்கங்களோடு உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகின்றன. அப்புறம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.