கொழுக்கட்டைக் கதைக்கு என்ன நீதி?

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 23 பிள்ளைகள். போன மாதம் அவர்களுக்குக் கொழுக்கட்டைக் கதை சொன்னேன். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறந்துவிடக் கூடாதென்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்புவான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குதிப்பான். அதோடு கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து தா என்பான். மனைவிக்குப் புரியாது. அடித்துவிடுவான். பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடிவந்து, 'ஐயோ, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே' என்பாள். 'அதுதான், அதுதான்' என்று அவன் குதிப்பான்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தான் டீச்சர்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 'நீதி: மறதி கூடாது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கணக்குக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் அதே கதையை மறுபடி கேட்டார்கள். மனைவி கதவில் இடித்துக்கொண்டதால் கன்னம் வீங்கியது என்று மாற்றிச் சொன்னேன்.

இந்த வயதுக்கு ஏற்ற நாட்டுப்புறக் கதைகளின் பட்டியல் ஒன்று தர முடியுமா? கொடூரமான இடங்களை நாம் மாற்றலாமா? பதிவேட்டில் கற்றல் விளைவு என்ற இடத்தில் என்ன எழுதுவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேத்தி ஒன்றாம் வகுப்பு. போன வாரம் ஒரு பயிற்சித்தாள் கொண்டுவந்தாள். பாட்டி வடை சுட்ட கதை, நாலு படம். அடியில் ஒரு கேள்வி: 'இக்கதையால் அறியும் நீதி யாது?' அதன் கீழே ஒரு கோடு. 'புகழ்ச்சிக்கு மயங்காதே' என்று எழுத வேண்டும், அது அவளுக்குத் தெரியும். வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னிடம் கேட்டது வேறு. "தாத்தா, அந்தப் பாட்டிக்கு வடை திரும்பக் கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கதையைச் சொல்கிறோம், பாட்டியின் நட்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிரான்சில் லா ஃபொந்தேன் 1668இல் எழுதிய பாட்டில் காகம் ஒரு பாலாடைக்கட்டியைக் கவ்விக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற பேச்சே அதில் கிடையாது. மரத்தடியில் அடுப்பு மூட்டி, எண்ணெய்ச் சட்டி வைத்து, ஒரு கிழவியை உட்கார வைத்தது நம் ஆட்கள். நாலு காசுக்கு வடை விற்றுப் பிழைக்கிற ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறோம். பிள்ளைகளின் கண் நேராக அவளிடம் போகிறது. நீதி எழுதுகிறவரின் கண் போகவில்லை.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். தர மாட்டேன். உங்கள் வகுப்பில் 23 வீடுகள் இருக்கின்றன. ஆச்சியிடம், அப்பத்தாவிடம், சித்தாளு வேலைக்குப் போய்வரும் அம்மாவிடம் ஒரு கதை கேட்டுவரச் சொல்லுங்கள். வராவிட்டால் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) சேர்த்துவைத்த கதைகள் புத்தகமாக இருக்கின்றன.

நீதி வரிக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் தீராத கோபம் உண்டு.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி 'எமீல்' எழுதியபோது, இதே காக்கை நரிக் கதையை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பிரித்துப்போட்டார். பாலாடைக்கட்டி என்றால் எந்தப் பாலாடைக்கட்டி, சுவிஸா, பிரீயா, டச்சா என்றுகூடக் கேட்டார். சிறுபிள்ளைக்கு இதில் ஒரு வரியாவது விளங்குமா என்பது அவர் கவலை. அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். பிள்ளைகள் காகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், நரியின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். அடுத்து வரும் சிள்வண்டு, எறும்புக் கதையில் எறும்பாகத்தான் இருக்க விரும்புவார்கள், கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்லிக் கேலியும் செய்யப் பழகிக்கொள்வார்கள் என்றார். நீங்கள் எழுதிப்போடும் நீதி ஒரு பக்கம் போகும், பிள்ளை மனம் இன்னொரு பக்கம் போகும் என்று 260 வருடத்துக்கு முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார். அதனால் பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளே வேண்டாம் என்று முடித்தார். அங்கேதான் நான் அவரோடு சண்டை போடுவேன். வேண்டாதது கதைக்கு அடியில் கிடக்கும் வரி. அதற்காகக் கதையைத் தூக்கிப் போடுவானேன்?

பஞ்சதந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லொழுக்க நூல் என்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அரசன் ஒருவனின் மூன்று மந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் ராஜ தந்திரம் கற்றுக்கொடுக்க விஷ்ணுசர்மா சொன்னதாக அந்த நூலே சொல்கிறது. அதில் வரும் நீதி அரசு நடத்தும் நீதி. முதல் தந்திரம் மித்திரபேதம். சிங்கமும் எருதும் உயிர் நண்பர்கள். தமனகன் என்ற நரி கோள் மூட்டுகிறது, சிங்கம் எருதைக் கொல்கிறது, நரி மந்திரியாகிறது. கதை அங்கே முடிந்துவிடுகிறது. நரிக்குத் தண்டனை கிடையாது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா என்ற எழுத்தாளர் அதை அரபியில் கொண்டுவந்தபோது புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்தது. நரியைப் பிடித்து, விசாரித்து, தண்டிக்கிறார்கள். கெட்டவன் தப்பிவிட்டான் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பெரியவர்களால் அன்றைக்கும் முடியவில்லை. பிள்ளைகளால் முடியும். நரி மந்திரியாகிவிட்டது என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். வகுப்பே கொதிக்கும். அந்தக் கொதிப்பில் ஒரு பிள்ளை பேசுவதை எந்தக் கோடிட்ட இடமும் பிடித்து வைக்காது.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும், டீச்சர். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பெண்பிள்ளை, ஏழு வயதோ எட்டு வயதோ, 22 பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்து, தன் வீட்டை உங்கள் முன்னால் எடுத்து வைத்தாள். நீங்கள் 'மறதி கூடாது' என்று எழுதினீர்கள். அவளுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருத்தி கன்னம் வீங்க அடி வாங்கியிருக்கிறாள். பலகாரத்தின் பெயர் மறந்துபோனதுதான் அதில் குற்றம் என்று கரும்பலகை சொல்கிறது.

அதைவிட மோசம் அடுத்த வாரம் செய்தது. 'கதவில் இடித்துக்கொண்டாள்.' இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? நம் தெருக்களில் முகம் வீங்கிய பெண்கள் குழாயடியில் சொல்வது இதுதானே? கதவுல இடிச்சிக்கிட்டேன், படியில வழுக்கிட்டேன். அந்தப் பிள்ளை தன் அம்மா வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கலாம். பொய் என்று தெரிந்தே கேட்டிருக்கலாம். அதையே டீச்சர் வாயிலிருந்தும் கேட்டால், இனி அவள் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பயந்துவிட்டீர்கள். கதை சொல்ல உட்கார்ந்த எல்லாருக்கும் அந்தப் பயம் வந்திருக்கிறது. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட முதல் பதிப்பில், பனிவெண்மகளை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். ஹான்செல், கிரெட்டல் கதையில் காட்டில் பிள்ளைகளை விட்டுவரச் சொல்பவளும் பெற்ற தாய்தான். பிந்திய பதிப்புகளில் இருவரையும் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெற்றவள் அப்படிச் செய்வாள் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனை சித்திகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள்!

கதையை மாற்றலாமா என்று கேட்டீர்கள். எங்கள் ஆச்சி மாற்றியிருக்கிறாள். அதைச் சொல்கிறேன்.

ஆச்சி பீடி சுற்றுவாள். திருநெல்வேலிப் பக்கம் அந்த நாளில் பாதி வீடுகளில் அதுதான் பிழைப்பு. காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நறுக்கிய இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றிப் போடுவாள். கண் சுளகைப் பார்க்காது. 25 பீடி ஒரு கட்டு. கதைகளுக்கும் அதுதான் அளவு. கொழுக்கட்டைக் கதை ஒரு கட்டு நீளம். ஏழு கடல் தாண்டிப் போகிற ராசகுமாரன் கதை நாலு கட்டு. கேட்கிறவர்களில் ஒருவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நிற்கும். "உம் கொட்டுல, எனக்குக் கை ஓடணும்லா" என்பாள். ஒரு கதைக்கும் அவள் நீதி சொல்லி நான் கேட்டதில்லை. முடிந்ததும் சுளகைத் தட்டிவிட்டு, "படுங்கல" என்பாள். இருட்டில் படுத்துக்கொண்டு அந்த நரியையும் கிழவியையும் நாங்களே வைத்துக்கொண்டு கிடப்போம்.

கொழுக்கட்டைக் கதையில் அடிக்கிற இடம் வரும்போது அவள் கை நின்றுவிடும். "அடிச்சான், சவத்துப்பய" என்பாள். தாத்தா திண்ணையில் இருக்கும் நாளில் அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்வாள். அது ஏன் என்று எனக்கு விளங்க முப்பது வருடம் ஆனது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒருநாள் விளக்கு வைத்த பிறகு சித்தி வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. இடது கன்னம் கன்றிப்போயிருந்தது. அம்மா கேட்டதற்கு, "கதவுல இடிச்சிக்கிட்டேன்க்கா" என்றாள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பாடு ஆனது. நாங்கள் சுளகைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்தான் கொழுக்கட்டைக் கதை கேட்டேன், சிரிக்க வேண்டும் என்று. அம்மா என்னை முறைத்தாள். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

மாமியார் வீடு வந்தது, வாய்க்கால் வந்தது, அத்திரிபாச்சா வந்தது. அடி வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வரவில்லை. அந்தப் பெண் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்திரிபாச்சா எங்க அம்மை வீட்டுலதான் கிடைக்கும், வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதே வாய்க்கால் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அத்திரிபாச்சா" என்று ஒரு தாண்டு. அக்கரைக்குப் போய்விட்டாள்.

"பொறவு?" என்றேன்.

"பொறவு என்ன, அவன் பசியில கெடந்தான்."

"அவ?"

"அவ அவுக அம்மை கூட இருந்தா."

அந்தக் கதை அன்றைக்கு ஒரு கட்டில் முடியவில்லை. அக்கரையில் நடந்ததை ஆச்சி சொல்லிக்கொண்டே போனாள். கோழி வளர்த்தது, வயலில் நாற்று நட்டது, திருச்செந்தூருக்கு நடந்து போனது. தம்பி தூங்கிவிட்டான். எனக்கும் கண் சொருகியது. உம் நிற்கவில்லை. யார் கொட்டுகிறார்கள் என்று அரைக்கண் திறந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சித்தி உம் கொட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள்.

ஆச்சி எதிரில் இருந்த ஒருத்திக்காக மாற்றினாள். அடியை எடுத்துவிடவில்லை, அதற்குப் பிறகு வருவதை மாற்றினாள். நீங்கள் அடியை மறைத்தீர்கள், பின்னால் வருவதை அப்படியே வைத்தீர்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

பதிவேட்டில் 'கேட்டல்' என்று எழுதுங்கள், போதும். மேலே யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 181 பெண்களுக்கானது. இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள், பிள்ளைகள் கண்ணில் தினமும் படட்டும். அந்தப் பிள்ளையின் வீட்டில் அடி நடப்பது உண்மை என்று தெரிந்தால் நீங்களே கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்த வாரம் அதே கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். அடிக்கிற இடத்தில் அடிக்கட்டும். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். "அப்புறம் அவ என்ன செஞ்சா?" என்று வகுப்பைப் பொதுவாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்க வேண்டாம். அன்றைக்கு உம் கொட்டுகிற வேலையை மட்டும் அவளிடம் கொடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.