கை மடங்க மாட்டேங்குது, தலையில்லாத கிட்டார் வாங்கலாமா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல வயசான கைக்கு ஏத்த வாத்தியம் பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல எலக்ட்ரிக் கிட்டார் பத்திதான், அதனால இந்த வாரம் முழுக்க அதையே பேசிடலாம்.

கேள்வி: சார், எனக்கு வயசு 63. நாப்பது வருஷமா எங்க சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கேன். இப்போ ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சா விரல் மடங்க மாட்டேங்கு, எஃப் கார்ட் பிடிச்சா நாலு செகண்ட்ல கட்டை விரல் அடியில சுரீர்ங்கு, இடது தோளும் வலிக்கு. துபாய்ல இருக்க மகன் "அப்பா, தலையே இல்லாத கிட்டார் ஒண்ணு வந்திருக்கு, வெயிட்டே இருக்காது, வாங்கி அனுப்பட்டுமா"ன்னு கேக்கான். வாங்கச் சொல்லலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அண்ணே, உங்க கடிதத்துல ரெண்டு வலி இருக்கு, தோள் வலி ஒண்ணு, விரல் வலி ஒண்ணு. தலையில்லாத கிட்டார், அதான் ஹெட்லெஸ், முதல் வலிக்கு நல்லாவே உதவும். ரெண்டாவது வலிக்கு அது நேரா ஒண்ணும் பண்ணாது. கடைக்காரங்க இத பிரிச்சு சொல்ல மாட்டாங்க, அதான் நான் முதல்லயே சொல்லிடறேன்.

தோளுக்கு ஏன் நல்லதுன்னா, சாதாரண கிட்டார்ல நெக்கோட, அதாவது இடது கை பிடிக்கற நீளக் கட்டையோட, கடைசி நுனியில ஒரு தலை, அதுல கம்பியை முறுக்கி சுதி சேக்கற ஆறு இரும்பு டியூனர். கிணத்து ஏத்தத்துல நுனியில கல்லு கட்டின மாதிரி அது கீழ இழுக்கும், நாம தெரியாமலே இடது கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதே கையால கார்டும் பிடிப்போம். 1980 வாக்குல அமெரிக்காவுல நெட் ஸ்டைன்பெர்கர்னு மரச்சாமான் டிசைன் பண்ணிட்டிருந்த ஒருத்தர், இந்த வெயிட்டு எதுக்கு நுனியிலன்னு யோசிச்சு தலையையே வெட்டிட்டு டியூனரை பிரிட்ஜ் பக்கம், அதாவது பாடியில கம்பி முடியற இடத்துக்கு, கொண்டு வந்தார், முதல்ல பேஸ் கிட்டார்ல, அப்புறம் ஆறு கம்பி கிட்டார்லயும். இன்னைக்கு ஸ்வீடன் கம்பெனி ஸ்ட்ராண்ட்பர்க், ஐபனேஸோட க்யூ சீரிஸ், அமெரிக்காவோட கீசல்னு எல்லாரும் அதே வழிதான். தலை இருக்கற எலக்ட்ரிக் கிட்டார்ல லெஸ் பால் மாடல் 4 கிலோ தாண்டும், ஸ்ட்ராட் மூணரை கிலோ சுமாருக்கு இருக்கும், ஹெட்லெஸ்ல நிறைய மாடல் 2லிருந்து 2.7 கிலோக்குள்ள அடங்கிடும். ஒரு மணி நேரம் நின்னு வாசிக்கற ஆளுக்கு இந்த வித்தியாசம் தோள்ல தெரியும், அதோட நெக் தானா அந்தரத்துல நிக்கறதால இடது கைக்கு தூக்கற வேலை போயிடும், மணிக்கட்டை நேரா வெச்சு வாசிக்கலாம்.

இப்போ விரலுக்கு வரேன். விரல் வலிக்கறது கம்பியோட டென்ஷனால, கம்பி எவ்வளவு உசரத்துல நிக்குதுங்கறதால, நெக் எவ்வளவு தடிமன்ங்கறதால. இதுல மூணுமே தலை இருக்கற கிட்டார்லயும் சரி பண்ணலாம். நீங்க அக்கூஸ்டிக்கா எலக்ட்ரிக்கான்னு எழுதல, அக்கூஸ்டிக்னா முதல்ல அதை மாத்துங்க, ஏன்னா சாதாரண 12 நம்பர் செட் (நம்பர்ங்கறது முதல் கம்பியோட தடிமன், கொறஞ்சா மெல்லிசு) ஆறு கம்பியும் சேத்து ஏறக்குறைய 73 கிலோ இழுப்பு, எலக்ட்ரிக்ல 10 நம்பர் செட் 46 கிலோ, 9 நம்பர் 38 கிலோ. முதல் கம்பி மட்டும் பாத்தா 10 நம்பர்ல 7.3 கிலோ, 9ல 6 கிலோ, 8ல 4.7 கிலோ. இதெல்லாம் இருபத்தஞ்சரை இஞ்ச் ஸ்கேல், அதாவது வாசிக்கற கம்பியோட நீளம், அந்தக் கணக்கு. ஸ்கேல் கொறைஞ்சா இழுப்பும் கொறையும், 24.75 இஞ்சுக்கு வந்தா சுமார் 6 சதவீதம். அதனால ஹெட்லெஸ் வாங்கும்போதும் வெயிட்டை மட்டும் கேக்காம ஸ்கேல் என்னன்னு கேளுங்க, ஏன்னா நிறைய மாடல் இருபத்தஞ்சரை இஞ்ச்தான், குட்டியா இருக்கேன்னு ஸ்கேலும் சின்னதுன்னு நெனச்சுடாதீங்க, தலை இல்லாததும் பாடி சின்னதா இருக்கறதும்தான் குட்டியா காட்டுது.

மெல்லிசு கம்பி போட்டா சவுண்டு செத்துடும்னு சொல்ற ஆளுங்க கிட்ட ஒண்ணு சொல்லுங்க, இசட்இசட் டாப்ங்கற அமெரிக்க ராக் பேண்டோட பில்லி கிப்பன்ஸ் 7 நம்பர் கம்பியில வாசிக்கறவர், அவர் சவுண்டு ஒண்ணும் சாகல. ஆனா மெல்லிசு கம்பியில ரொம்ப அழுத்தினா சுருதி ஏறிடும், பழைய அக்கூஸ்டிக் பழக்கத்துல இறுக்கிப் பிடிக்கறவங்களுக்கு முதல் மாசம் எல்லாமே அபசுரமா கேக்கும், பொறுத்துக்கணும்.

அப்புறம் வீட்டுலயே ஒரு சோதனை. மூணாவது ஃப்ரெட்ல (நெக்குக்குக் குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கோடுதான் ஃப்ரெட்) ஒரு கம்பியை அழுத்திக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு கண்ணை கிட்ட வெச்சு பாருங்க. ஒரு பேப்பர் நுழையற அளவுதான் இருக்கணும், விரலால தட்டினா டிக்குனு லேசா ஒரு சத்தம் வரணும். அதுக்கு மேல இருந்தா நட்டுல, அதாவது நெக் நுனியில கம்பி உக்கார்ற பட்டையில, பள்ளம் போதலன்னு அர்த்தம், உங்க எஃப் கார்ட் நாலு செகண்ட்ல கொல்றதுக்கு காரணம் கை இல்ல, அந்த நட்டாவும் இருக்கலாம். நல்ல டெக்னீஷியன் கிட்ட குடுத்து நட்டை அறுத்து, பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பி நிக்கற உசரத்தை, அதான் ஆக்‌ஷனை ஒண்ணரை மில்லிமீட்டர் கிட்ட இறக்கச் சொல்லுங்க. எனக்கு 58 ஆகுது, ரெண்டு வருஷம் கட்டை விரல் வலின்னு புலம்பிட்டு இருந்தேன், ஒரு நாள் நட்டை அறுத்ததும் பாதி வலி போச்சு, அந்த ரெண்டு வருஷத்தை நெனச்சா இப்பவும் கடுப்பா இருக்கு.

மகன் ஆசையா கேக்கறார்னா வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல நட்டையும் கம்பி உசரத்தையும் சரி பண்ற செட்டப், அப்புறம் 9 நம்பர் கம்பி, அதுக்கப்புறமும் தோள் வலிச்சா ஹெட்லெஸ்.

கேள்வி: தலை இல்லன்னா எங்க டியூன் பண்றது? கம்பி மாத்தறது கஷ்டமா? எனக்கு ரெண்டு கட்டை விரல்லயும் தேய்மானம்னு டாக்டர் சொல்லியிருக்கார். (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அம்மா, உங்க கேள்விதான் இந்த வாரத்துலயே முக்கியமான கேள்வி, இத ஒரு வீடியோவுலயும் யாரும் சொல்றதில்ல.

டியூனர் எல்லாம் பிரிட்ஜுக்குப் பின்னாடி வரிசையா ஆறு குட்டி உருளை, சுண்டு விரல் நகம் அளவுக்கு, வழுக்காம இருக்க மேல சொரசொரன்னு கோடு போட்டிருக்கும். சாதாரண டியூனர்ல காது மாதிரி ஒரு பிடி இருக்கும், உள்ள பல்சக்கரம் இருக்கும், லேசா திருப்பினா போதும். இதுல ஒரு மரைதான் கம்பியை நேரா பின்னாடி இழுக்குது, கம்பி ஏற ஏற உருளை இறுகும், பக்கத்து உருளைக்கு நடுவுல விரலை விட்டு கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கிள்ளித் திருகணும். கட்டை விரல் அடிமூட்டு தேஞ்சவங்களுக்கு உலகத்துலயே பிடிக்காத வேலை இந்தக் கிள்ளித் திருகறதுதான், பாட்டில் மூடி திறக்கும்போது வலிக்குதுல்ல, அதே வலி, ஏன்னா நுனியில குடுக்கற பலம் அடிமூட்டுல பல மடங்கா வந்து விழும்.

ஒரு நண்பரோட கிட்டார்ல நான் அனுபவிச்சேன். பச்சைத் தண்ணியில பாத்திரம் கழுவின மறுநாள், மூணாவது கம்பியை அரை சுதி ஏத்தப் போய் உருளை நகரவே இல்ல, கடைசியில கைக்குட்டையைச் சுத்தி பல்லைக் கடிச்சுக்கிட்டு திருகினேன். கிட்டார் மேல குத்தம் சொல்ல மாட்டேன், மரை காஞ்சு போயிருந்தது, ஒரு சொட்டு கிரீஸ் வெச்சதும் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு.

அதனால கடைக்குப் போனா வாசிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி ஆறு உருளையையும் உங்க கையாலயே திருப்பிப் பாருங்க, கடைப் பையன் திருப்பிக் காட்டினா ஏத்துக்காதீங்க. சில மாடல்ல உருளையோட பின்பக்கம் ஆலன் கீ (ஆறு பட்டை வெச்ச கம்பிச் சாவி) சொருக ஓட்டை இருக்கும், அந்த மாதிரி கெடச்சா யோசிக்காம அதையே எடுங்க, நீட்டு ஆலன் கீய உள்ளங்கையில பிடிச்சு திருப்பலாம், கிள்ள வேண்டிய அவசியமே இல்ல.

கம்பி மாத்தறது ஒண்ணும் கஷ்டமில்ல. இப்ப வர்ற பெரும்பாலான மாடல்ல சாதாரண கம்பியே போடலாம், நட்டு பக்கம் சின்ன ஸ்க்ரூவால கடிச்சுப் பிடிக்கும், மிச்சத்தை வெட்டிடலாம், சுத்தற வேலையே கெடையாது. பழைய ஸ்டைன்பெர்கர் மாதிரி சிஸ்டத்துக்கு மட்டும் ரெண்டு முனையிலயும் குண்டு வெச்ச கம்பி வேணும், அது எல்லா கடையிலயும் தொங்காது, ஆர்டர் பண்ணணும். நட்டு பக்க ஸ்க்ரூவைத் திருப்பற ஆலன் கீய கேஸ்லயே கட்டி வெச்சுக்குங்க, தொலைஞ்சா கம்பி மாத்த முடியாது.

கேள்வி: ஸ்ட்ராண்ட்பர்க் நெக் ஒரு பக்கம் வெட்டின மாதிரி கோணலா இருக்கே, அது கைக்கு நல்லதா? மெல்லிசு நெக்தானே வயசானவங்களுக்கு நல்லது? (சென்னை, குரோம்பேட்டை வாசகர்)

பதில்: மெல்லிசு நெக் நல்லதுங்கறது இருபது வயசு பசங்க வேகமா வாசிக்கறதுக்கு சொன்னது சார். விறைச்ச கைக்கு நேர் எதிர். மெல்லிசான நெக்னா உள்ளங்கையில எதுவும் படாது, கட்டை விரலும் மத்த விரலும் கிடுக்கி மாதிரி நெருக்கிப் பிடிக்கணும், பத்து நிமிஷத்துல இழுத்துக்கும். கொஞ்சம் தடிமனா, கை முழுக்க நெறயற நெக்குனா பிடி தளர்வா இருக்கும். வீட்டுல ஒரு பென்சிலையும் சப்பாத்திக் கட்டையையும் மாத்தி மாத்தி பிடிச்சுப் பாருங்க, எதுல கை சும்மா இருக்குன்னு தெரிஞ்சிடும்.

நீங்க சொல்ற கோணல் நெக்குக்கு எண்டியூர்நெக்னு பேரு, பின்பக்கம் உருண்டையா இல்லாம பட்டையா, கட்டை விரல் அந்தப் பட்டையில உக்கார்ற மாதிரி வெட்டியிருப்பாங்க, பட்டையோட இடமும் நெக் நீளத்துக்கு நகர்ந்துகிட்டே போகும். கட்டை விரலை நெக்குக்கு நேர் பின்னாடி வெச்சு வாசிக்கறவங்களுக்கு சொகமா இருக்கும். நம்ம ஆளுங்க நிறைய பேரு, நானும்தான், கட்டை விரலை மேல தூக்கி நெக்கை முழுசா அணைச்சுப் பிடிச்சே பழகினவங்க, நமக்கு அந்த முனை உள்ளங்கையில இடிக்கும். அரை மணி நேரமாவது வாசிக்காம வாங்காதீங்க, அஞ்சு நிமிஷத்துல எல்லா நெக்கும் நல்லாத்தான் இருக்கும்.

விசிறி மாதிரி விரிஞ்ச ஃப்ரெட் இருக்கற மாடலும் ஹெட்லெஸ்ல நிறைய வருது, முதல் ரெண்டு ஃப்ரெட்ல பார் கார்ட் (ஆள்காட்டி விரலைக் குறுக்க வெச்சு எல்லா கம்பியையும் அழுத்தறது) பிடிக்கறப்போ விரலை சாய்க்கணும், விறைச்ச ஆள்காட்டி விரலுக்கு எனக்கு அது ஒத்து வரல. உங்களுக்கு வரலாம். உக்காந்து வாசிக்கறவரா இருந்தா இன்னொண்ணு, துடுப்பு மாதிரி குட்டிப் பாடி வெச்ச மாடல் தொடையில நிக்காது, அதுக்குன்னு கீழ மடக்கற ஒரு கால் தாங்கி வெச்சிருப்பாங்க, அதை விரிச்சு ஒரு தடவை உக்காந்து பாத்துடுங்க.

கேள்வி: சுகர் இருக்கு, மோதிர விரல் மடக்கினா டக்குனு மாட்டிக்குது. கிட்டாரை விட்டுடணுமா? (மதுரை வாசகர்)

பதில்: நான் டாக்டர் இல்லீங்க. நீங்க சொல்றது ட்ரிக்கர் ஃபிங்கர் மாதிரி இருக்கு, சுகர் உள்ளவங்களுக்கு அது அதிகமா வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு, எலும்பு டாக்டரையோ கை சர்ஜனையோ பாருங்க, கிட்டார் மாத்தி அதை சரி பண்ண முடியாது. காலைல விறைப்பு அரை மணி நேரத்துல விட்டுடுதா, ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்குதா, மூட்டு வீங்குதாங்கறதையும் சொல்லுங்க, அவங்களுக்கு அதுல நிறைய தெரியும். லெஸ் பால்னு ஒரு கிட்டாரையே பேருல வெச்சிருக்காரே அந்த மனுஷர் மூட்டுவாதத்தோட தொண்ணூறு வயசு தாண்டியும் நியூயார்க்ல வாராவாரம் திங்கக்கிழமை கச்சேரி பண்ணினவர். டாக்டர் என்ன சொல்றார்னு கேட்டுட்டு முடிவெடுங்க.

கேள்வி: இப்போ கைல இருக்கற கிட்டாரை மாத்த வசதியில்ல. செலவில்லாம ஏதாவது வழி? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இருக்கு. ஆறு கம்பியையும் அரை சுதி இறக்குங்க, முதல் ஃப்ரெட்ல கேப்போ, அதாவது எல்லா கம்பியையும் அழுத்திப் பிடிக்கற கிளிப், போடுங்க. சுதி பழையபடியே இருக்கும், பாடறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா கம்பியோட இழுப்பு சுமார் 11 சதவீதம் கொறஞ்சிருக்கும், ஃப்ரெட்டுங்களும் 24 இஞ்ச் கிட்டார் மாதிரி நெருக்கமா வந்துடும், நட்டு உசரமும் கணக்குலயே வராது. இழுப்பு கொறஞ்சதால நெக் கொஞ்சம் நிமிரும், கம்பி ஃப்ரெட்ல இரைஞ்சா ட்ரஸ் ராடை, அதான் நெக்குக்குள்ள இருக்கற இரும்புத் தண்டை, கால் சுத்து தளர்த்துங்க. வாசிக்க உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு சட்டி வெதுவெதுப்பான தண்ணில கையை பத்து நிமிஷம் வெச்சு, நல்லா துடைச்சிட்டு எடுங்க, ஈரக் கையோட தொட்டா கம்பி துரு பிடிச்சிடும்.