குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சியும் தேமலும்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர்ல, தைப்பட்டத்துல முள்ளுவாடி ரகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நட்டிருக்கேனுங்க. குச்சி பக்கத்துத் தோட்டத்துல வாங்கினது. நாலு மாசம் ஆச்சு. கொழுந்து கொத்துக் கொத்தாச் சுருண்டு வெள்ளையா மாவு அப்பியிருக்குது. சில செடில இலை மஞ்சத் தேமலா இருக்குது. மருந்துக்கடையில ரெண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்றாங்க. அடிக்கலாமுங்களா? பிடுங்குற செடிய ஆட்டுக்குப் போடலாமுங்களா?

பதில்: அடிக்காதீங்க, முதலில் நாலு கொழுந்தைக் கிள்ளிப் பாருங்க.

சுருண்ட கொழுந்தை உள்ளங்கையில் வைத்து விரலால் பிரியுங்கள். வெள்ளை மாவுக்குள் இளஞ்சிவப்பாக நகர்வதுதான் மரவள்ளி மாவுப்பூச்சி. 2020ல் கேரளத்தில் தென்பட்டு, அடுத்து நம் சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. ஆண் பூச்சி இல்லாமலேயே முட்டையிட்டுப் பெருகும் என்பதால் வெயில் காலத்தில் கட்டுக்கடங்காமல் போகும். பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, உப்பிக் காய்ந்து, நுணுக்கமாய்த் துளை விழுந்த கூடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி உங்கள் காட்டுக்கு வந்துவிட்டது. அனகைரஸ் லோபசி என்ற இந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கடைக்காரர் சொன்ன கலவை மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவியைத்தான். பூச்சி சுருட்டுக்குள் பதுங்கித் தப்பிவிடும்.

அதனால் தாக்கிய கொழுந்தை மட்டும் ஒடித்துச் சாக்குப்பையில் போட்டு, வாயைக் கட்டி, காட்டுக்கு வெளியே எரியுங்கள். வரப்பில் வீசக் கூடாது. மீதியில் பம்ப் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காத இடத்தில் மட்டும் அசாடிராக்டின் 1500 பிபிஎம் என்ற வேப்ப மருந்தை, லிட்டருக்கு 5 மில்லி, ஒட்டும் திரவம் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். ஏத்தாப்பூர் உங்களுக்குத் தூரமில்லை. கூடுகள் ஒன்றுமே கண்ணில் படாவிட்டால் அங்கே போய்க் குளவி கிடைக்குமா என்று கேளுங்கள்.

தேமல் வேறு கதை. அது வைரஸ், எந்த மருந்துக்கும் கேட்காது. அடியில் மிஞ்சிய இலையிலிருந்தே தேமல் இருந்தால் நட்ட குச்சியிலேயே நோய் இருந்திருக்கிறது. அடி இலை சுத்தமாய் இருந்து நுனியில் மட்டும் தெரிந்தால், வெள்ளை ஈ பிறகு கொண்டுவந்தது. முதல் வகையில் இலை கோணி, செடி குட்டையாகி நிற்பதைப் பிடுங்கிவிடுங்கள். அதில் கிழங்கு பெரிதாக வராது. இரண்டாம் வகை ஓரளவு கிழங்கு வைக்கும், விட்டுவிடலாம்.

90ஆம் நாள் மேலுரம் போட்டீர்களா என்று எழுதவில்லை. போடாவிட்டால் ஏக்கருக்கு யூரியா 40 கிலோ, பொட்டாஷ் 80 கிலோ இப்போதே வைத்து மண் அணையுங்கள். பயிர் வாடுகிறதே என்று யூரியாவைக் கூட்டாதீர்கள், இளங்கொழுந்து பூச்சிக்குத் தீனியாகிவிடும். பொட்டாஷைக் குறைத்தால் ஜவ்வரிசி மில்லில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, அடிபடும்.

எனக்கு உங்கள் அடுத்த போகத்தைப் பற்றித்தான் கவலை. பூச்சி, தேமல் இரண்டுமே குச்சியோடு ஊர் ஊராய்ப் போகின்றன. பக்கத்துத் தோட்டத்துக் குச்சியை எந்தச் செடியில் வெட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்? கிழங்கு வெட்டும் சமயத்தில் இலை உதிர்ந்து நல்ல செடியும் கெட்ட செடியும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆகவே இந்த மாதமே காட்டுக்குள் நடந்து, சுத்தமான செடிகளில் துணிக்கிழிசலைக் கட்டி வையுங்கள். அடுத்தடுத்த மாதங்களில் தேமல் ஏறினால் அவிழ்த்துவிடுங்கள். விதைக்கு அந்தச் செடிகளின் நடுத்தண்டு மட்டும், 15 செ.மீ. நீளத்தில் 8 முதல் 10 கணு இருக்கட்டும். ரகத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ ரக்ஷா தேமலைத் தாங்கும். உங்கள் மில்காரர் எடுப்பாரா என்று கேட்டுவிட்டு முதலில் கால் ஏக்கரில் நட்டுப் பாருங்கள்.

ஆட்டுக்குப் போடவே போடாதீர்கள். பச்சைக் குச்சிக்கிழங்கு இலையில் சயனைடு நஞ்சு உண்டு. பசியோடு மேய்ந்த ஆடு கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பிடுங்கிய செடியை ஆடு எட்டாத இடத்தில் போட்டு எரியுங்கள். தப்பித்தவறித் தின்றுவிட்டால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.