எலிக்சிர் எழுதுவதில் எனக்கு இருக்கும் சந்தோஷம்

கேள்வி இதுதான்: சம்பளத்துக்காக மட்டும் இல்லாமல், எழுதவே பிடித்து எழுதும் நிரல் மொழி எது, ஏன்?

எலிக்சிர். எனக்கு வேலையும் அதில்தான், பிரியமும் அதன்மேல்தான்.

பணகுடி பக்கம் நிற்கும் காற்றாலைக் காத்தாடிகளிலிருந்து காற்றின் வேகம், உற்பத்தி, இறக்கையின் கோணம் எல்லாம் செய்தியாக வந்துகொண்டே இருக்கும், அதை வாங்கிச் சேர்த்து வைக்கிற நிரலை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வைகாசி வாக்கில் பிடித்தால் ஆவணி தாண்டியும் விடாது, வருஷ உற்பத்தியில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். அப்போது தகவல் நின்றால் போன் வந்துவிடும்: "அண்ணாச்சி, திரையில ஒண்ணுமே வரலையே?"

முதலில் பிடித்தது எழுதும் வரிசை. வந்த செய்தியைப் பிரித்து, சரிபார்த்து, சேமிக்க வேண்டும். பல மொழிகளில் இதை ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்து எழுத வேண்டியிருக்கும்:

சேமி(சரிபார்(பிரி(செய்தி)))

கடைசியில் நடப்பது முதலில் நிற்கிறது, உள்ளேயிருந்து வெளியே வாசிக்க வேண்டும். எலிக்சிரில் இப்படி:

செய்தி |> பிரி() |> சரிபார்() |> சேமி()

நாம் பேசுகிற வரிசையும் இதுதானே, பொருள் முதலில், அப்புறம் பிரித்து, சரிபார்த்து, கடைசியில் சேமி. 2017-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மேலே இருக்கும் வரி அப்படியே ஓடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் என்ன நடக்கிறது என்று ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறேன்.

ஆனால் மனசை முழுசாக இழுத்துக்கொண்டது இன்னொன்று. எலிக்சிர் புதுசு, பிரேசில்காரர் ஜோசே வலிம் உருவாக்கியது, 1.0 வந்தது 2014-இல். அது ஓடுவதோ எர்லாங் என்ற பழைய மொழியின் நிரல்களை இயக்கும் மென்பொருளின்மேல். எர்லாங் 1986-இல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் தொடங்கி, ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோருடன் வளர்த்த மொழி, தொலைபேசி இணைப்பகங்களுக்காக. ஒருவர் பேசும் இணைப்பில் கோளாறு வந்தால் ஊரில் மற்ற எல்லார் பேச்சும் அறுந்துவிடக் கூடாது இல்லையா, அந்தத் தேவையிலிருந்தே மொழியின் அமைப்பு முழுக்க வந்திருக்கிறது. வேலை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும் செயல்முறை (process), ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தொடக்கத்தில் சில கிலோபைட்தான், ஆகவே ஒரே கணினியில் லட்சக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொடவே முடியாது, செய்தி மட்டும் அனுப்பலாம்.

என் நிரலில் காத்தாடி ஒன்றுக்குச் செயல்முறை ஒன்று. முன்பு வேறொரு மொழியில் இருந்த நிரலில், ஏதோ ஒரு கருவி எண் வரவேண்டிய இடத்தில் குப்பையை அனுப்பினால் மொத்தமும் படுத்துவிடும். அதைத் தடுக்கப் போட்டிருந்த காவல் வரிகள் உண்மையான வேலையைவிட நீளமாக இருந்தன. இப்போது அந்தக் காத்தாடிக்கான செயல்முறை மட்டும் விழும். மேலே கண்காணிக்கும் சூப்பர்வைசர் என்ற செயல்முறை உடனே புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும், பக்கத்துக் காத்தாடிக்கு எதுவும் தெரியாது. திரும்பத் திரும்ப விழுந்தால்? நாம் மாற்றாதவரை 5 விநாடிக்குள் 3 தடவை வரைதான் கிளப்பும், அதையும் தாண்டினால் சூப்பர்வைசரே விலகி, தனக்கு மேலே இருப்பதிடம் விஷயத்தை விட்டுவிடும். விழுந்தால் விழட்டும் என்று இந்த மொழிக்காரர்கள் சொல்வது அலட்சியம் இல்லை, எழுப்பிவிட ஆள் வைத்துவிட்டுச் சொல்வது. அதனால் நான் எழுதும் நிரலில் நடக்க வேண்டியது மட்டுமே இருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், தமிழில் அறிக்கை எடுக்கிறவர்களுக்குப் புரியும். "திருநெல்வேலி" எத்தனை எழுத்து என்று பைத்தான் மொழியில் நீளம் சொல்லும் லென்னைக் (len) கேட்டால் 12 என்கிறது, கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. எலிக்சிர் 6 என்கிறது. திருப்பிப் போடச் சொன்னாலும் எழுத்து சிதையாமல் திருப்புகிறது.

எண்களை மூட்டையாக அள்ளிப் போட்டுக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு இது வேகமில்லை, வருஷக் கணக்கை நான் பைத்தானில்தான் போடுகிறேன். நம் பக்கம் இதற்கென்று வேலைவாய்ப்பும் குறைவு, படித்து முடித்ததும் வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு இதை முதல் மொழியாகச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு மொழி கைவசம் இருக்கிறவர்கள் நிறுவியதும் அதோடு வரும் அப்சர்வர் (observer) என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகளின் மரத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு நிரல் எழுதி, அதன் சூப்பர்வைசருக்குக் கீழே இருக்கும் ஒன்றை நீங்களே கொன்று பாருங்கள், அதே இடத்தில் புது அடையாள எண்ணோடு இன்னொன்று வந்து நிற்கும்.