ஹட்டன் பக்கம் தோட்டத்தில் வீடு. இரண்டு இலட்சம் ரூபாவுக்குள் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண எந்தெந்தப் பாகங்களை வாங்கலாம்?

தம்பி, நீங்கள் கேள்வியோடு போட்டிருந்த லிஸ்டைப் பார்த்தேன். மானிட்டரும் சேர்த்து இரண்டு இலட்சம், விளையாடப் போவது வேலரன்டும் ஜிடிஏ 5உம். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததில் நல்ல ப்ராசஸர் இருக்கிறது, கண்ணாடிக் கேஸ் இருக்கிறது, நான்கு கலர் ஃபேன் இருக்கிறது. பவர் சப்ளைக்கு நேரே மட்டும் ‘கேஸுடன் வரும்’ என்று போட்டிருக்கிறது. நான் அந்த லிஸ்டைத் திருத்துவதாக இருந்தால் அந்த வரியில்தான் பேனாவை வைப்பேன். கொழும்பில் இருப்பவர் கிராபிக்ஸ் கார்டில் இருந்து கணக்குப் போடலாம். நாம் சுவரில் இருக்கும் ப்ளக்கில் இருந்து தொடங்க வேண்டும். தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கையில் கரண்ட் 230 வோல்ட் என்பது கணக்கு. ஆனால் லயங்களுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் லைன் ட்ரான்ஸ்ஃபோமரில் இருந்து நீளமாக இழுத்து வந்தது, வழியில் வீடுகளும் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. கம்பி நீள நீள, அதில் ஓடும் லோட் கூடக் கூட, கடைசி வீட்டுக்கு வந்து சேரும் வோல்டேஜ் இறங்கும். கரண்ட் எடுக்கும் மேல் கொத்மலை அணை தலவாக்கலை டவுனை ஒட்டியே நிற்கிறது. அதற்குச் சுற்றுவட்டாரத் தோட்டத்தில்தான், மாலையில் ரைஸ் குக்கரும் கேத்தலும் அயனும் ஒன்றாக ஓடும்போது பல்பு மங்குவதைப் பார்த்து வளர்ந்தோம். நீங்கள் விளையாட உட்காரப் போவதும் அதே நேரம்தான்.

அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீசியன் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை, எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு தடவை வோல்டேஜ் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவில் லோட் இல்லாதபோது அளவுக்கு மேல் ஏறுகிற வீடுகளும் உண்டு. அப்புறம் பவர் சப்ளையைக் கையில் எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசியுங்கள். இன்புட் என்ற இடத்தில் சிலவற்றில் 100–240 வோல்ட் என்று இருக்கும், சிலவற்றில் 200–240 என்று இருக்கும். இரண்டும் ஒரே வாட், இரண்டிலும் கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருக்கலாம். கொழும்பில் எதை வாங்கினாலும் ஓடும். மாலையில் 185க்கு இறங்கும் வீட்டில் முதலாவது பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டாவது வகை, கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆகலாம். பின்பக்கம் 115, 230 என்று மாற்றுகிற சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம், அது பழைய டிசைன். தவறுதலாக 115க்குத் தள்ளிவிட்டு ப்ளக்கைப் போட்டால் அந்த நிமிடமே வெடிக்கும்.

அதே ஸ்டிக்கரில் இன்னொன்றும் பார்க்கலாம். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று இருக்கும், அதை 12ஆல் பெருக்குங்கள். 43 அம்பியர் என்றால் 516 வாட், அது நேர்மையான 550 வாட் பவர் சப்ளை. கேஸுடன் வருகிறவற்றில் மேலே பெரிதாக 500 வாட் என்று அச்சடித்திருக்கும், 12 வோல்ட்டுக்குக் கீழே 18 அம்பியர்தான் இருக்கும். அது 216 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான். ஆகவே தனியாக வாங்குங்கள்: 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், 100–240, பெயர் தெரிந்த கம்பனி. பழையது வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் செகண்ட் ஹேண்டில் எடுத்தாலும் இதை மட்டும் புதிதாக எடுங்கள்.

எர்த் பற்றி யாருமே கேட்பதில்லை. கேஸின் இரும்பை லேசாகத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது என்று என்னிடம் சொல்லாத வீடு குறைவு. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றின் கசிவு எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். வீட்டில் எர்த் இல்லையென்றாலும், இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தாலும் அது கேஸிலேயே நிற்கும். பாகம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், முதலில் எர்த்தைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். பாஸ் வரும் நாளில் இதையும் முடித்துவிடலாம்.

யூபிஎஸ் வாங்க எல்லோரும் சொல்வார்கள். வோல்டேஜை ஏற்றி இறக்கும் வசதி உள்ளதாக இருந்தால் நல்லதுதான், ஆனால் வோல்டேஜ் மிகவும் இறங்கினால் அது பற்றரிக்குத் தாவும். தினமும் மாலையில் அப்படித் தாவினால் பற்றரி சீக்கிரம் செத்துப்போகும். உங்கள் வீட்டில் நிலைமை மோசம் என்றால் முதலில் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று, யூபிஎஸ் அப்புறம். இடிக்கு இரண்டுமே காவல் இல்லை. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மழை கட்டிக்கொண்டு இடிக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணினால் போதாது, ப்ளக்கையே கழற்றிவிடுங்கள். டெலிபோன் லைனில் இன்டர்நெட் என்றால் ரவுட்டரில் இருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள், இடி அந்த வழியாகவும் வரும்.

இனி நீங்கள் ஆசையாகக் கேட்ட விஷயம். உங்கள் காசுக்கு நான் எடுக்கும் ப்ராசஸர் ரைசன் 5 5500, அல்லது கொஞ்சம் நீட்ட முடிந்தால் 5600. இரண்டுக்கும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட். 5600இல் கேஷ் மெமரி (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500இல் அதில் பாதி. வேலரன்ட் ப்ராசஸரை நம்பி ஓடும் கேம் என்பதால் அந்த வித்தியாசம் தெரியும், ஆனால் சாதாரண மானிட்டரில் 5500ஏ தாராளம். கிராபிக்ஸ் கார்ட் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் வயர். 1080பியில் இந்த விலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை, வாட் குறைவாகக் குடிப்பது நம் லைனுக்கும் நல்லது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவாகக் கிடைக்கிறது என்று யாராவது இழுத்தால் போகாதீர்கள். அது 4 ஜிபி, மதர்போடுடன் பேசுவது நான்கு லேனில் (டேட்டா போகும் பாதையில்) மட்டும். ரைசன் 5500 அந்தப் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐ 3.0 வேகத்தில்தான் பேசும் என்பதால் அந்த ஜோடியில் நன்றாகவே அடி விழும். 6600க்கு எட்டு லேன், இந்தக் கவலை இல்லை.

காசு ஒரே தடவையில் சேராது, சீட்டு விழும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவேன் என்றால் ரைசன் 5 5600ஜி எடுக்கலாம். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வேலரன்ட் இன்றே ஓடும், கார்டை அடுத்த வருடம் போடலாம். அப்படிப் போவதாக இருந்தால் ராம் கட்டாயம் 8 ஜிபி இரண்டாக இருக்க வேண்டும். உள்கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றைத் துண்டு 16 ஜிபி போட்டால் பாதை பாதியாகிவிடும். ராம் விலை 2025 கடைசியில் உலகம் முழுக்கவே ஏறியது. அதனால் டிடிஆர்4இல் நல்ல நிலையில் பழையது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ராம் லேசில் தேய்கிற சாமான் இல்லை.

மதர்போட் பி450 அல்லது பி550, எது மலிவோ அது. பி450 என்றால் இந்த 5000 வரிசை ப்ராசஸருக்கு பயாஸை (மதர்போடின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் பண்ணித் தரச் சொல்லி, கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ. வாட்டர் கூலருக்கு ஒரு சதமும் வேண்டாம், நம் குளிருக்கு ப்ராசஸர் பெட்டியோடு வரும் கூலரே போதும். கேஸ் முன்பக்கம் வலையாக இருந்தால் சரி. கலர் லைட்டுக்குப் போகும் காசை மானிட்டருக்குத் திருப்புங்கள், 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் எடுக்கலாம்.

டவரை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அடுப்பங்கரை பக்கத்து அறையில் வைத்தால் விறகுப் புகை ஃபேன் இறக்கையில் பசை மாதிரிப் படியும். மழைக்கால ஈரம் அதோடு சேர்ந்தால் ப்ரஷ் போட்டாலும் வராது. சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்தி, அடுப்புக்கு எதிர்ப்பக்க அறையில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்ட் விஷயத்தில் கண் திறந்து இருங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டால் உண்டாக்கும் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்ட் என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஃபேன் ஆடுகிறதா, ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் சக்தி குறைந்த வகையும் இருக்கிறது. கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ–இசட் மென்பொருளைத் திறந்தால் ஷேடர் 2304 காட்ட வேண்டும், 2048 காட்டினால் அது அந்தச் சக்தி குறைந்த வகை. ஓடவிட்டுக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

ஆபீஸில் கழித்த பிராண்டட் மெஷினில் ஒரு கார்டைச் செருகி ‘கேமிங் பிசி’ என்று போடும் விளம்பரங்களையும் பார்த்திருப்பீர்கள். இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை ப்ராசஸர் என்றால் வேண்டாம். அதற்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11 தருவதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, வேலரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். எட்டாம் தலைமுறை ஐ5 8500 உள்ளது கிடைத்தால் அது வேறு கதை. 6 கோர், விண்டோஸ் 11 ஏறும். அதன் பவர் சப்ளையில் தனி வயர் இருக்காது என்பதால் ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டுக்குள் ஓடும் கார்ட்தான் போடலாம். வாங்கும் 1650இல் தனி பவர் சொக்கட் இல்லையா என்று பார்த்துக் கொள்ளுங்கள். இரண்டு இலட்சம் சேரவில்லை என்றால் இதுவே என் சிபாரிசு.

கடை விஷயம்: கொழும்பு பம்பலப்பிட்டியில் விலை குறையலாம், ஆனால் வாரண்டிக்கு ஒரு தடவை போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். விலையில் கொஞ்சம் கூடினாலும் கண்டியில் வாரண்டி எடுத்துக்கொள்ளும் கடை இருந்தால் நான் அங்கேதான் போவேன். முழுதாக அசெம்பிள் பண்ணிக் கொண்டு வருவதானால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுக்குகிற குலுக்கலில் அந்த எடை மதர்போட் ஸ்லொட்டை நெம்பிவிடும். டவரைப் படுக்க வைத்து, மதர்போட் கீழே வருகிற மாதிரி கொண்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் 3200 ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் மானிட்டரை 60இல் இருந்து 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போடில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 5500இல் உள்கிராபிக்ஸ் கிடையாது, மதர்போடில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும்.