புளித்துப்போன கலன்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சமையலறைக் கழிவைக் கொண்டு எரிவாயு எடுக்கிறோம். விருந்தில் மிஞ்சிய சோற்றை ஒரே நாளில் கொட்டியதிலிருந்து அடுப்பு எரியவில்லை. புளித்த வாடைதான் வருகிறது. அந்தப் புளிப்பே விலைபோகும் சரக்கு என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உண்மைதான், ஆனால் உங்கள் கலனில் இருப்பதை அப்படியே விற்க முடியாது. காற்றுப் புகாத கலனில் சில நுண்ணுயிரிகள் சோற்றைச் சிதைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் முதலிய சிறு கொழுப்பு அமிலங்களாக்க, மெதுவாக வளரும் வேறு சில அவற்றிலிருந்து அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்குகின்றன. ஒரே நாளில் சோறு குவிந்ததால் அமிலம் பெருகி, அதைத் தாங்காத மீத்தேன் நுண்ணுயிரிகள் முடங்கிவிட்டன. உங்களுக்கு நேர்ந்த இந்தக் கோளாறைத்தான் கொழுப்பு அமிலம் எடுப்பவர்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்: கழிவைச் சில நாட்களிலேயே வெளியேற்றி, மீத்தேன் நுண்ணுயிரிகள் வேரூன்ற விடாமல் செய்துவிடுகிறார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான். கலங்கிய நீரில் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும் அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கக்கூடியது. அதைப் பிரித்தெடுக்கும் செலவு சரக்கின் விலையையே விழுங்கிவிடும். இங்கே கைகொடுப்பது கிளாஸ்ட்ரிடியம் குளுய்வெரி என்னும் பாக்டீரியா. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரக் கால்வாய்ச் சேற்றிலிருந்து பார்க்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1930-களில் கண்டெடுத்த இது, எத்தனால் என்னும் சாராயத்தின் துணையோடு அமிலத்தின் கார்பன் சங்கிலியில் இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்து, அசிட்டிக் அமிலத்தின் இரண்டை நான்காகவும் நான்கை ஆறாகவும் நீட்டுகிறது. ஆறு கார்பன் கொண்ட கேப்ராயிக் அமிலம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 கிராம்தான் கரையும். எனவே கரைசலைப் போதிய அளவு அமிலமாக்கினால் மிகுதி எண்ணெய்போல் மேலே மிதக்கும். கேப்ராயிக் என்பது ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். முகர்ந்தவர்களுக்குக் கிடாயின் மொச்சை வாடை நினைவுக்கு வரும். கால்நடைத் தீவனம், வாசனைப் பொருள், மசகு எண்ணெய் ஆகியவற்றுக்கு இந்த அமிலம் பயன்படுகிறது. ஆம்ஸ்டர்டாமில் செயின்கிராஃப்ட் என்ற நிறுவனம் உணவுக் கழிவிலிருந்தே இத்தகைய அமிலங்களை எடுக்க முனைந்தது.

உங்கள் அடுப்பு எரிய வேண்டுமானால், சில நாட்கள் கலனில் எதையும் போடாமல், புதுச் சாணக் கரைசலையும் சிறிது சுண்ணாம்பு நீரையும் ஊற்றி, புளிப்பு வாடை அடங்கிய பின் கழிவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள்.